'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என வாக்களிக்கலாமா? துன்புறுத்தலுக்கு ஆளாகும் சிறாருக்கு உதவுவோர் அறிய வேண்டியவை

புதுதில்லி: சக மாணவர்களின் கேலிக்கும் மிரட்டலுக்கும் அடிக்கும் ஆளாகும் ஒரு சிறுவர், பல நாள் தயக்கத்துக்குப் பிறகு ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ தன்னார்வலரிடமோ வாய் திறக்கிறார். அப்போது அவர் முதலில் கேட்கும் உறுதிமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: 'இதை யாரிடமும் சொல்லக் கூடாது.' கேட்பவரும் இரக்கத்தால் உடனே அந்த வாக்கைக் கொடுத்துவிடுகிறார். ஆனால் இந்தியச் சட்டங்களின்படி எல்லாச் சூழலிலும் அந்த வாக்கைக் காப்பாற்ற இயலாது. அது மீறப்படும் நாளில், ஏற்கெனவே நம்பிக்கை இழந்திருந்த சிறுவர் மறுபடியும் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்.

பள்ளிகள், விடுதிகள், பயிற்சி மையங்கள் ஆகியவற்றில் துன்புறுத்தலைத் தடுக்கக் குழுக்களும் ஆலோசகர்களும் மாணவத் தன்னார்வலர்களும் நியமிக்கப்பட்டு வருகின்றனர். எனினும், உதவி நாடி வரும் சிறாரை அந்த உதவிப் பணிக்குள்ளேயே எவ்வாறு பாதுகாப்பது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. எதை ரகசியமாக வைக்கலாம், எதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், உதவுபவர் எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எது துன்புறுத்தல்?

நண்பர்களுக்கிடையே எப்போதாவது எழும் சண்டை எல்லாம் துன்புறுத்தல் ஆகிவிடாது. வலிமையிலோ எண்ணிக்கையிலோ செல்வாக்கிலோ மேலோங்கியவர், எதிர்த்து நிற்க இயலாத ஒருவரைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துவதே துன்புறுத்தல் எனப் பொதுவாக வரையறுக்கப்படுகிறது. அடிப்பது, பணம் பறிப்பது, பட்டப்பெயர் சூட்டுவது, சாதி, மதம், நிறம், உடல் குறைபாடு, பாலினம் ஆகியவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவது, குழுவிலிருந்து ஒதுக்கிவைப்பது, கைப்பேசி வழியே அவதூறு பரப்புவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இது உலகளாவிய சிக்கல். உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர், கணக்கெடுப்புக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையேனும் சக மாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்ததாக யுனெஸ்கோ 2019-ல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. 2020 முதல் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் முதல் வியாழக்கிழமையைப் பள்ளி வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான சர்வதேச தினமாக அந்த அமைப்பு கடைப்பிடிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளி மாணவர்களுக்கிடையிலான துன்புறுத்தலுக்கெனத் தனியான மத்தியச் சட்டம் இல்லை. பல சட்டங்களிலும் வழிகாட்டுதல்களிலும் இதற்கான பாதுகாப்பு சிதறிக் கிடக்கிறது.

உயர் கல்வி நிறுவனங்களில் ராகிங் விதிகள் கடுமையாக உள்ளன. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட ராகவன் குழு 2007-ல் அறிக்கை அளித்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரி மாணவர் அமன் கச்ரூ, 19, ராகிங்கால் உயிரிழந்தது நாட்டை உலுக்கியது. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் தடுப்பு ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ராகிங் குறித்த தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் காவல் துறையில் புகார் அளித்து முதல் தகவல் அறிக்கை பதிவாகச் செய்ய வேண்டும் என அவ்விதிகள் கூறுகின்றன. தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்கள் 1990-களிலேயே ராகிங் தடைச் சட்டங்களை இயற்றிவிட்டன.

பள்ளிகளைப் பொறுத்தவரை, துன்புறுத்தல் தடுப்புக் குழு அமைக்குமாறு 2015 மார்ச்சில் சிபிஎஸ்இ தனது பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. துணை முதல்வர், மூத்த ஆசிரியர், பள்ளி மருத்துவர், ஆலோசகர், பெற்றோர்-ஆசிரியர் சங்கப் பிரதிநிதி உள்ளிட்டோருடன் சக மாணவ வழிகாட்டிகளும் அதில் இடம்பெற வேண்டும் என்று கூறப்பட்டது. துன்புறுத்துபவர் ஆசிரியராகவே இருந்தால் நிலை வேறு. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு நேரடியாகத் தடை செய்கிறது.

அண்மைய திருப்பம், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த 15 வழிகாட்டுதல்கள். ஆந்திரப் பிரதேசத்தில் 'நீட்' தேர்வுக்குத் தயாராகி வந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் அவை வெளியாயின. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். துன்புறுத்தல், ராகிங், பாலியல் தொல்லை ஆகியவற்றைத் தெரிவிக்க ரகசியம் காக்கும் வழிமுறை இருக்க வேண்டும். புகார் அளித்தவரைப் பழிவாங்குவதைச் சிறிதும் சகிக்கக் கூடாது. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரு முறையேனும் உளவியல் முதலுதவிப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. ஜெய்ப்பூர், கோட்டா, சீகர், சென்னை, ஹைதராபாத், தில்லி, மும்பை உள்ளிட்ட பயிற்சி மைய நகரங்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

ரகசியத்தின் எல்லை எது?

உதவுபவர் எதிர்கொள்ளும் கடினமான கேள்வி இதுவே. சிறாரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்கிறது. குறிப்பிட்ட சில தகவல்களை மறைக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் சொல்கிறது.

அந்தரங்கத்தைக் காப்பது, 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வகுத்துள்ள அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சேவைச் சட்டத்தின் 23-வது பிரிவும், சிகிச்சை பெறுபவரின் தகவல்களை ரகசியமாக வைக்கும் கடமையை மனநல வல்லுநர்களுக்கு விதிக்கிறது. எனினும் உயிருக்கு ஆபத்து நேருவதைத் தடுக்கவோ, மற்றொருவரை வன்முறையிலிருந்து காக்கவோ தேவையான அளவு தகவலை வெளியிட அதே பிரிவு அனுமதிக்கிறது.

பாலியல் குற்றங்களில் அனுமதி என்பது கட்டாயமாகிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரும், நிகழக்கூடும் என அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் 21-வது பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பையும் அச்சட்டம் வழங்குகிறது.

இதற்கும் மாணவர்களுக்கிடையிலான துன்புறுத்தலுக்கும் தொடர்பில்லை எனக் கருதிவிட இயலாது. விடுதியில் இளைய மாணவரின் ஆடையைக் களையச் செய்வது, அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவது, ஆபாசமான சொற்களால் சீண்டுவது போன்றவை 'விளையாட்டு' என்ற பெயரில் நடந்தாலும் போக்சோ சட்டத்தின் கீழ் வரக்கூடியவை. அவற்றைப் பள்ளிக்குள்ளேயே பேசி முடிப்பதற்கு ஆலோசகருக்கோ முதல்வருக்கோ அதிகாரம் இல்லை.

எனவே முழுமையான ரகசியத்துக்கு வாக்களிப்பதைத் தவிர்த்து, எல்லையைத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுவதே நேர்மையான வழி. எளிய சொற்களில் அதை இவ்வாறு சொல்லலாம்: "நீ சொல்வதைத் தேவையில்லாத எவரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கோ வேறொருவருக்கோ ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், உதவக்கூடியவரிடம் சொல்லியாக வேண்டும். யாரிடம், என்ன சொல்லப் போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுவேன்." இதைக் கேட்டபின் பேசுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை சிறாரிடமே இருக்கிறது.

காவல் நிலையம் என்ற சொல்லே சிறாரைப் பேசவிடாமல் செய்துவிடக்கூடும். போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு அந்த அச்சத்தைக் குறைக்கும் வகையில் அமைந்துள்ளது. சிறாரின் வாக்குமூலம் அவரது வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ பதிவு செய்யப்பட வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் அதைப் பதிவு செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் சிறாரை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இத்தகவல்களை உதவுபவர் அறிந்திருந்தால், அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சிறாருக்கு அமைதியாக எடுத்துச் சொல்ல முடியும்.

முதல் உரையாடலில் கவனிக்க வேண்டியவை

சிறார் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பதே முதல் பணி. 'நீ என்ன செய்தாய்', 'ஏன் திருப்பி அடிக்கவில்லை', 'ஏன் முன்பே சொல்லவில்லை' போன்ற கேள்விகள் பழியை அவர் மீதே சுமத்துகின்றன. 'அவன் உன்னை இங்கே தொட்டானா' என்பது போல விடையை ஊட்டும் கேள்விகள், பின்னர் விசாரணையில் வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்கக்கூடும். 'பிறகு என்ன நடந்தது' என்ற திறந்த கேள்வியே போதுமானது. உண்மையை நிறுவுவது விசாரணை அமைப்பின் வேலை. உதவுபவர் துப்பறியத் தேவையில்லை.

சிறார் கூறியதை அன்றே, அவருடைய சொற்களிலேயே, தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுதிவைக்க வேண்டும். உதவுபவரின் ஊகங்கள் அதில் கலக்கக் கூடாது. அந்தக் குறிப்பு பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர் ஓய்வறைப் பேச்சிலோ வாட்ஸ்ஆப் குழுவிலோ அது இடம்பெறுமானால், சிறாரின் துயரம் பள்ளி முழுவதும் பரவிவிடும்.

நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் இன்னொரு தவறு, இரு தரப்பையும் ஒரே அறையில் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வது. சமமான இருவரின் சண்டைக்கு அது பொருந்தலாம். ஒருவர் மற்றவரைக் கண்டு அஞ்சும் நிலையில், அந்த அறையில் பாதிக்கப்பட்டவர் உண்மையைப் பேச மாட்டார். வெளியே வந்ததும் பழிவாங்கலையும் சந்திக்க நேரலாம். ஆகவே புகாருக்குப் பிந்தைய நாட்களில் பேருந்து, கழிப்பறை, உணவுக்கூடம், விடுதி அறை ஆகியவற்றில் அவரது பாதுகாப்பை உறுதி செய்வது அவசியம். இடமாற்றம் தேவையானால் பாதிக்கப்பட்டவரை வகுப்போ அறையோ மாற்றுவது, தண்டனை பெற்றவர் அவரே என்ற தோற்றத்தை ஏற்படுத்திவிடும்.

பெற்றோருக்குத் தெரிவிப்பது பொதுவாகச் சரியான வழியே. ஆனால் வீட்டிலேயே அடி விழும், படிப்பு நிறுத்தப்படும் என்று சிறார் அஞ்சினால், அந்த அச்சத்தையும் விசாரித்தறிய வேண்டும். வீடு பாதுகாப்பற்றது எனத் தெரிந்தால், மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழுவை அணுக சிறார் நீதிச் சட்டம் வழிசெய்கிறது.

உதவுபவராலேயே ஆபத்து நேராமல் இருக்க

துன்புறுத்தலுக்கு ஆளான சிறார் தனிமையில் இருக்கிறார். தன்னை நம்பும் ஒருவருக்காக ஏங்குகிறார். தீய நோக்கம் கொண்டவர்கள் தேடுவதும் இந்த நிலையைத்தான். ஆகவே 'நல்லவர்', 'சேவை மனப்பான்மை உள்ளவர்' என்ற நற்பெயர் மட்டும் ஒருவரை இப்பணியில் அமர்த்தப் போதாது.

2020-ல் அறிவிக்கப்பட்ட போக்சோ விதிகள், பள்ளிகள், காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சியகங்கள் போன்று குழந்தைகளுடன் தொடர்ந்து தொடர்புள்ள நிறுவனங்கள் தங்கள் ஊழியர்கள் அனைவரின் பின்னணியையும் காவல் துறை வழியே குறிப்பிட்ட இடைவெளிகளில் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற வேறுபாடு இதில் இல்லை. கல்வி நிறுவன ஊழியரோ நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவரோ குற்றம் புரிந்தால் போக்சோ சட்டம் அதைக் கூடுதல் கடுமை வாய்ந்த குற்றமாகக் கருதுகிறது.

அன்றாட நடைமுறையில் சில எளிய கட்டுப்பாடுகள் இரு தரப்பையும் காக்கின்றன. உரையாடல் பிறர் காதில் விழாமலும், அதே வேளையில் பிறர் பார்வைக்கு மறையாமலும் இருக்க, கண்ணாடி பதித்த கதவுள்ள அறையோ திறந்த தாழ்வாரத்தின் ஓரமோ ஏற்றது. தனிப்பட்ட கைப்பேசி எண்ணிலோ சமூக ஊடகக் கணக்கிலோ சிறாருடன் தொடர்பு வைப்பது, நள்ளிரவு அரட்டை, பரிசுப் பொருட்கள், தனியாக வாகனத்தில் அழைத்துச் செல்வது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு சிறாரின் விவரமும் பொறுப்பிலுள்ள இன்னொருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். ஆலோசகர் மீதே புகார் எழுந்தால் யாரிடம் செல்வது என்பது மாணவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும்.

மாணவத் தன்னார்வலர்களும் சிறாரே

ஆசிரியரிடம் சொல்லத் தயங்குவதை நண்பரிடம் சொல்வது சிறார் இயல்பு. சக மாணவ வழிகாட்டிகளின் பயனும் அதிலேயே இருக்கிறது. ஆனால் 15 வயது வழிகாட்டி, 'வாழவே பிடிக்கவில்லை' என்று நண்பர் கூறியதைத் தனியாகச் சுமந்துகொண்டு இரவெல்லாம் விழித்திருப்பாரானால், உதவி தேவைப்படும் சிறார் ஒருவர் இருவராகிவிடுவர்.

எனவே வழிகாட்டி மாணவரின் பணியைத் தெளிவாக வரையறுக்க வேண்டும். கேட்பது, உடன் நிற்பது, பொறுப்பான பெரியவரிடம் அழைத்துச் செல்வது ஆகிய மூன்றுமே அவருடைய வேலை. விசாரிப்பது, சமரசம் செய்வது, இரவு நேரத்தில் தொலைபேசியில் ஆலோசனை வழங்குவது அவருடைய பொறுப்பில் வரக் கூடாது. 'உயிர் ஆபத்து, பாலியல் தொல்லை, பலத்த காயம் ஆகிய மூன்றையும் அன்றே பெரியவரிடம் சொல்ல வேண்டும். அது நட்புக்குத் துரோகம் ஆகாது' என்பது பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும். தகவல் தெரிவிக்கத் தவறியதற்காகச் சிறாருக்குத் தண்டனை இல்லை என்று போக்சோ சட்டம் கூறுவதால், வழக்கு பற்றிய அச்சமும் அவர்களுக்குத் தேவையில்லை. வாரந்தோறும் அவர்களிடம் பேச ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். விலக விரும்பும் மாணவரைக் காரணம் கேட்காமல் விடுவிக்கவும் வேண்டும்.

படங்களும் திரைப்பதிவுகளும்

இணையவழித் துன்புறுத்தலில் திரைப்பதிவு முக்கியமான சான்று. மிரட்டல் செய்திகள், கணக்கின் பெயர், தேதி ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும். ஆனால் சிறாரின் ஆபாசப் படம் சம்பந்தப்பட்டிருந்தால் விதி மாறுகிறது. ஆசிரியர் அதைத் தமது கைப்பேசிக்கு அனுப்பச் சொல்வதோ முதல்வருக்கும் பெற்றோருக்கும் பகிர்வதோ கூடாது.

இத்தகைய பதிவுகளை வெளியிடுவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின் கீழ், முதல் முறையெனில் 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். பரப்பும் நோக்குடன் சேமித்து வைப்பதையும் போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவு தண்டிக்கிறது. புகார் அளிப்பதற்கும் நீதிமன்றச் சான்றுக்கும் மட்டுமே அது விலக்கு அளிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்கு எதிரான மேல்முறையீட்டில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவை விரிவாக விளக்கியது. படம் இருக்கும் கருவியை அப்படியே வைத்துக் காவல் துறையிடமோ தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலோ தெரிவிப்பதே பாதுகாப்பான வழி.

சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் விசாரணை தொடர்பான செய்திகளில் வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பத்திரிகை, காட்சி ஊடகம் ஆகியவற்றுடன் பிற தகவல் தொடர்பு வடிவங்களையும் சட்டம் குறிப்பிடுவதால், பெற்றோர் குழுக்களில் பெயரைப் பகிர்வோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

துன்புறுத்தியவரும் சிறாரே

74-வது பிரிவின் பாதுகாப்பு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் மட்டுமன்றி, குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கும் உரியது. அவர் மீதான புகாரைச் சிறார் நீதி வாரியமே விசாரிக்க வேண்டும். அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வகுப்பின் முன் நிறுத்தி அவமானப்படுத்துவதும் படத்தைப் பரப்புவதும் இன்னொரு துன்புறுத்தலாகவே முடியும். அவரும் வீட்டிலோ வேறிடத்திலோ வன்முறைக்கு ஆளாகியிருக்கிறாரா என்று அறிவது அடுத்த பாதிப்பைத் தடுக்க உதவும். பாதிக்கப்பட்டவருக்கு உதவும் ஆலோசகரே இவருக்கும் ஆலோசகராக இருந்தால் இருவரின் நம்பிக்கையும் குலையும் என்பதால், தனித்தனி நபர்களை நியமிப்பது நல்லது.

பெற்றோர் பள்ளியிடம் கேட்கத்தக்கவை

துன்புறுத்தல் தடுப்புக் குழுவின் உறுப்பினர்கள் யார்? ஆலோசகரின் கல்வித் தகுதி என்ன? ஊழியர்கள், தன்னார்வலர்களின் பின்னணி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? குழந்தை கூறுவது எங்கே பதிவு செய்யப்படுகிறது, அதை யார் படிக்க முடியும்? புகாருக்குப் பிறகு பழிவாங்கல் நேராமல் பார்த்துக்கொள்பவர் யார்? ஆலோசகர் மீதான புகாரை யாரிடம் அளிப்பது? இந்த ஆறு கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வ விடை வைத்திருக்கும் பள்ளியில், குழந்தை வாய் திறக்கும் நாளில் பெரியவர்கள் தடுமாற நேராது.

உதவி எண்கள்

குழந்தைகள் உதவி எண்: 1098. மும்பையில் 1996-ல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகத் தொடங்கிய இச்சேவை, தற்போது 112 அவசர சேவையுடன் இணைக்கப்பட்டு மாநில அரசுகள் வழியே செயல்படுகிறது.

மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ்: 14416. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட இச்சேவை தமிழ் உள்ளிட்ட மொழிகளில் 24 மணி நேரமும் கிடைக்கிறது.

ராகிங் தடுப்பு உதவி எண்: 1800-180-5522.

உடனடி ஆபத்து நேரும்போது: 112.